கடலின் குரல் கேட்கும் கண்ணாடி இழை

மன்னார்ப் பெருநிலத்தின் மேற்குக் கரையிலே, பாடல் பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரத்துக்குத் தெற்கே, கடலையே நம்பி வாழும் பழம்பெரும் ஊர் வங்காலை. புனித ஆனாள் ஆலயத்து மணியோசை கேட்டு வலை தூக்கும் மக்கள் அவ்வூர் மக்கள். ஊரை அடுத்த உப்பங்கழிகளிலே ஆண்டுதோறும் வடதிசையிலிருந்து பல்லாயிரம் பறவைகள் வந்து தங்கிச் செல்கின்றன. 2008 ஆம் ஆண்டு அவ்வெளி சரணாலயமாக்கப்பட்டது. 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தக் கரையில் நின்று மேற்கே நோக்கும் ஒருவனுக்குத் தெரிவது நீர்ப்பரப்பு மட்டுமே. அதன் அடியிலே என்ன இருக்கிறது, என்ன நடக்கிறது என்பதைக் கண் சொல்லாது. கடலுக்குள்ளே ஒளி சில பத்து மீற்றர் தூரத்திலேயே மங்கிவிடும். சில நூறு மீற்றர் ஆழத்துக்குக் கீழே என்றும் இருளே. ஆனால் ஒலியோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடவல்லது. ஆகவே கடலை அறிய விரும்பியவன் கண்ணை நம்பிப் பயனில்லை. காதைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும்.

மனிதன் தன் காதைக் கடலுக்குள் எவ்வாறு நீட்டினான் என்பது நெடியதொரு கதை. அதன் முதல் அத்தியாயம் மன்னார்க் கடலிலேயே எழுதப்பட்டது. இப்போதைக்கு இறுதியான அத்தியாயமும் இக்கடலைத் தொட்டு நிற்கின்றது.

முத்துக் குளித்தலிலிருந்து தொடங்குவோம். அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு அப்பாலுள்ள பார்களிலே பன்னூற்றாண்டுகளாக முத்துச் சிப்பி எடுக்கப்பட்டு வந்தது. சிப்பி விளைந்த ஆண்டுகளில், மணலும் முட்புதருமாய்க் கிடந்த கரையில் சில வாரங்களுக்குள்ளே ஒரு நகரமே எழும்பும். தமிழகத்துப் பரவரும், கீழக்கரை முஸ்லிம்களும், அரபு நாட்டுச் சுழியோடிகளும் அங்கே கூடுவர். அவர்கள் மூழ்கிய ஆழம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம். பத்து மீற்றர் இறங்கினாலே, மேலே நாம் சுமக்கும் காற்றின் பாரத்தோடு இன்னொரு மடங்கு பாரம் உடலை நெருக்கும். அந்நெருக்கத்தை முதலில் உணருவது காதுதான். செவிப்பறை கிழிந்து குருதி கசியக் கரையேறிய சுழியோடிகள் பலர். கொடிய நீரிலே மனிதன் இறக்கிய முதற்கருவி அவனுடைய சொந்தச் செவியே. அதற்கு அவன் கொடுத்த விலையும் சிறிதன்று.

சுழியோடியின் உயிர் ஒரு கயிற்றிலே தொங்கியது. கல்லைக் காலிற் பிணைத்து அவன் கீழே போவான். தோணியிலே ஒருவன் கயிற்றின் மறுமுனையைப் பற்றியிருப்பான். கீழேயிருந்து வரும் ஓர் இழுப்பே செய்தி. அதைக் கையால் உணர்ந்தவுடன் மேலே உள்ளவன் தாமதியாது இழுக்க வேண்டும். ஒரு கணம் அசட்டையாயிருந்தாலும் உயிர் போய்விடும். தன் தங்கை விதவையாவதை விரும்பாதவன் கவனமாயிருப்பான் என்ற கணக்கிலே, மனைவியின் உடன்பிறந்தவனைக் கயிறு பிடிக்க வைப்பது வழக்கமென்று முன்னோர் சொல்லுவர். நீரின் அடியிலே நிகழ்வதை ஓர் இழையின் அசைவினால் மேலே அறிந்துகொள்ளுதல். அதை அறிபவன் பொறுப்புள்ளவனாயிருத்தல். இந்த இரண்டு உண்மைகளையும் நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. பின்னே வரப்போகும் விஞ்ஞானம் முழுவதும் இவற்றின் விரிவுரையே.

கடலடி காணாமையின் கேடு எத்தகையது என்பதற்கும் இந்த முத்துப்பார்களே சான்று. 1905 ஆம் ஆண்டிலே மிகப் பெரிய குளிப்பு நடந்தது. அடுத்த ஆண்டு ஆங்கிலக் கம்பனியொன்று இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப் இளம் அதிகாரியாக மறிச்சுக்கட்டியிலே பணியாற்றியதும் 1906 இல்தான். ஆனால் 1907 க்குப் பின் பார்களிலே சிப்பி அற்றுப்போயிற்று. பெரும் பொருளை முதலிட்டவர்கள் வெறுங்கையோடு கடையைக் கட்டினர். பரிசோதகர்கள் ஓரிரு இடங்களிலே இறங்கிப் பார்த்துவிட்டு முழுப் பாரையும் மதிப்பிட்ட காலம் அது. இடையிலே இருந்தவற்றைக் கடல் தனக்குள்ளே மறைத்துக்கொண்டது.

இனி மேற்கிலிருந்து கிழக்குக் கரைக்குச் செல்வோம். மட்டக்களப்பு வாவியிலே நிலாக் காலத்தில் மீன் பாடும் என்பது தமிழ் மக்கள் அனைவரும் அறிந்த செய்தி. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் தெனன்ற் 1848 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் அங்கே சென்றபோது, இரவிலே தோணியேறி அந்த ஓசையைத் தாமே கேட்டார். நீரின் மேலே மெல்லியதாய் எழுந்த ஒலி, தோணியின் மரத்திலே காதை வைத்தபோது பன்மடங்கு பெருகிக் கேட்டதாக அவர் எழுதி வைத்துள்ளார். பாடுவது மீனன்று, ஊரி எனப்படும் சிப்பியினமே என்று மீனவர் அவருக்குக் கூறினர். பாடுவது எது என்ற வழக்கு ஒருபுறமிருக்க, மரத்திலே காதை வைக்க வேண்டும் என்பதை அம்மீனவர் அறிந்திருந்தார்களே, அதுவே கவனிக்கத்தக்கது.

அதற்குக் காரணம் உண்டு. நீருக்குள்ளே பிறக்கும் ஒலி நீரின் மேற்பரப்பை அடையும்போது, அதன் சக்தியில் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கே காற்றுக்குள் நுழைகின்றது. மீதியெல்லாம் கண்ணாடியிற் பட்ட வெளிச்சம்போல நீருக்குள்ளேயே திரும்பிவிடுகின்றது. நீர் கனமானது, காற்று இலேசானது. இரண்டுக்கும் இடையே அத்தனை பொருத்தமின்மை. மரமோ நீரோடு ஒத்து அதிர வல்லது. தோணியின் பலகையும் துடுப்பும் நீரின் நடுக்கத்தை ஏற்று நேரே எலும்புக்கும் செவிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. நீரின் ஒலியை அறிய வேண்டுமாயின், நீரோடு சேர்ந்து நடுங்கும் ஒரு பொருளை அதற்குள் வைக்க வேண்டும் என்னும் விதியைப் பாடசாலை காணாத மீனவர் அனுபவத்தினாலே கண்டிருந்தனர்.

ஐரோப்பாவிலே அவ்விதிக்குக் கணக்கு எழுதியவர் டானியல் கொலடொன் என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர். 1826 ஆம் ஆண்டு ஜெனீவா ஏரியிலே ஓர் இரவு, ஒரு படகிலிருந்து நீருக்குள் தொங்கவிடப்பட்ட மணி அடிக்கப்பட்டது. அதே கணத்தில் வெடிமருந்து கொளுத்தி வெளிச்சம் காட்டப்பட்டது. ஏறக்குறைய பதின்மூன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் இன்னொரு படகிலே, நீருக்குள் இறக்கிய ஊதுகுழல் போன்றதொரு குழாயிலே காதை வைத்து, வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொலடொன் அளந்தார். நீரிலே ஒலி விநாடிக்கு 1,435 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது எனக் கண்டார். காற்றிலே அது ஓடும் வேகத்தினும் இது நான்கு மடங்குக்கு மேல்.

இதே கொலடொன் 1841 ஆம் ஆண்டிலே வேறொரு வேடிக்கையும் செய்து காட்டினார். துளையொன்றிலிருந்து வளைந்து பாயும் நீர்த்தாரைக்குள்ளே ஒளியைச் செலுத்தினார். நேர்கோட்டிலே செல்ல வேண்டிய ஒளி, தாரைக்குள்ளேயே அகப்பட்டு, நீரோடு சேர்ந்து வளைந்து சென்றது. அவையோர் கைதட்டினர், நாடகமேடைகள் அதை அலங்காரமாக எடுத்துக்கொண்டன. நீருக்குள் ஒலி, நீருக்குள் ஒளி என்னும் இரண்டு சோதனைகளையும் ஒரே கை செய்தது. அவை இரண்டும் ஒரு நாள் ஒன்றாய்ச் சேருமென்று அவர் எண்ணியிருக்க நியாயமில்லை. அந்தச் சேர்க்கைக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையிலே நீரடி ஒலிவாங்கியை வளர்த்தது போர். படிகக்கல்லை அழுத்தினால் அதிலே மின்சாரம் பிறக்கும் என்பதை 1880 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் கியூரி சகோதரர் கண்டிருந்தனர். முதலாம் உலகப் போரிலே நீர்மூழ்கிக் கப்பல்கள் நூற்றுக்கணக்கான கப்பல்களை மூழ்கடித்தபோது, அதே நாட்டவரான போல் லாஞ்செவின் அப்படிகக்கல்லைக் கொண்டு நீருக்குள் ஒலி எழுப்பவும் எதிரொலி கேட்கவும் கருவி செய்தார். இரண்டாம் உலகப் போர் அக்கருவியை மேலும் கூர்மையாக்கியது. ஆயினும் மின்சாரத்தை நம்பிய செவிக்குச் சில குறைபாடுகள் இருந்தன. உப்புநீர் கம்பியை அரிக்கும். நீண்ட கம்பியிலே பிற மின்னலைகள் புகுந்து இரைச்சலை உண்டாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெப்பம் மிகுந்த இடத்திலே மின்னணுப் பாகங்கள் நெடுநாள் உயிர் வாழா. எரிவாயு நிறைந்த இடத்திலே சிறியதொரு பொறியும் பேராபத்தாகும்.

இந்நிலையிலே கண்ணாடி இழை பிறந்தது. பஞ்சாப்பிலே பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனிலே ஹரோல்ட் ஹொப்கின்ஸ் என்பாரோடு ஆராய்ச்சி செய்து, ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளை ஒரு கற்றையாக்கி, அதன் வழியே உருவத்தைக் கடத்தலாம் என 1954 ஆம் ஆண்டு வெளியிட்டார். ஆனால் அக்காலத்துக் கண்ணாடியிலே ஒளி சில மீற்றர் சென்றதும் மங்கிவிடும். ஷங்காயிலே பிறந்த சார்ல்ஸ் காவோ 1966 இல் அதற்கு விடை கண்டார். குற்றம் கண்ணாடியினதன்று, அதிலே கலந்துள்ள அழுக்கினது. அழுக்கை நீக்கினால் ஒரு கிலோமீற்றர் சென்றபின்னும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு எஞ்சும். அது செய்தித் தொடர்புக்குப் போதும் என்றார். நான்கே ஆண்டுகளில், 1970 இல், அமெரிக்காவின் கோர்னிங் தொழிலகத்தார் அவ்விழையைச் செய்து முடித்தனர். இன்றைய நல்ல இழையிலே ஒரு கிலோமீற்றரில் இழக்கப்படுவது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவே. காவோவுக்கு 2009 ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மயிரினும் பெரிதாகாத அந்த இழையிலே உலகத்தின் பேச்சு ஓடத் தொடங்கிற்று. அப்பொழுது பொறியியலாளருக்கு ஒரு தொல்லை தோன்றியது. நுண்மையான சோதனைகளிலே, அருகில் யாரும் பேசினாலும் நடந்தாலும் இழைக்குள்ளே ஓடும் ஒளியலை சற்றே பிசகிற்று. காரணம் எளிது. ஒலி என்பது அழுத்தத்தின் ஏற்றவிறக்கம். அது இழையை மிகமிகச் சிறிதளவு நீட்டியும் சுருக்கியும் விடுகின்றது. ஒளி கடக்க வேண்டிய தூரம் மாறுகின்றது. ஒளியலையின் நீளமோ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. அதிலும் சிறியதொரு பின்னமளவு பிசகினாலும் கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பலர் இதைக் குறையென்று நீக்கப் பார்த்தனர். சிலர் அதுவே குணமென்று கண்டனர். 1977 ஆம் ஆண்டு, அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்திலே ஜோசப் புக்காரோவும் அவர் தோழரும், இழையைச் சுருளாக்கி நீருக்குள் வைத்து ஒலி கேட்டுக் காட்டினர். அதே ஆண்டிலே வேறொரு குழுவினரும் அதே முடிவுக்கு வந்தனர். ஒளியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அமைதியான இழையிலும் மறுபாதியை நீரிலுள்ள சுருளிலும் ஓடவிட்டு, பின்பு இரண்டையும் சேர்த்தால், அலையும் அலையும் கூடுவதிலும் குறைவதிலும் நீரின் ஒலி அப்படியே வெளிப்படும். நீருக்குள் இருக்கும் பாகத்திலே மின்சாரமும் இல்லை, பொறியும் இல்லை, துருவும் இல்லை. 2004 இல் சேவையிற் சேர்ந்த வேர்ஜீனியா என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் விலாப்புறத்திலே இத்தகைய கண்ணாடிச் செவிகள் பொருத்தப்பட்டிருந்தன.

அடுத்த படி இதனினும் வியப்பானது. எத்தனை தூய கண்ணாடியாயினும் அதன் உள்ளே அணுவளவான ஒழுங்கீனங்கள் இருக்கவே செய்யும். இழைக்குள் ஓர் ஒளித்துடிப்பை அனுப்பினால், ஒவ்வொரு இடத்திலிருந்தும் அதில் ஒரு துளி பின்னோக்கிச் சிதறித் திரும்பி வரும். வானம் நீலமாய்த் தோன்றுவதற்கும் இத்தகைய சிதறலே காரணமென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ரேலி பிரபு விளக்கியிருந்தார். கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். ஆகவே ஐந்து கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் சிதறல் ஒரு விநாடியின் இருபதினாயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலே திரும்பிவிடும். எந்தக் கணத்திலே வந்தது என்பதைக் கொண்டு எந்த இடத்திலிருந்து வந்தது என்பதையும், எவ்வளவு பிசகி வந்தது என்பதைக் கொண்டு அவ்விடத்திலே என்ன ஒலி எழுந்தது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். விநாடிக்குப் பல்லாயிரம் முறை இவ்வாறு துடிப்பனுப்பினால், இழையின் ஒவ்வொரு பத்து மீற்றரும் ஒரு தனிச் செவியாகிவிடுகின்றது. முத்துப்பார்ப் பரிசோதகர் ஓரிடத்திலே இறங்கிப் பார்த்துவிட்டு மற்றதை ஊகித்தனர். இந்த இழை தான் கிடக்கும் வழியெங்கும் இடைவெளியின்றிக் கேட்கின்றது.

இங்கே தமிழ் மண்ணிலே பிறந்தவொரு மேதையையும் நினைக்க வேண்டும். 1888 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலிலே பிறந்த சர் சி. வி. இராமன், முதலிலே வீணையின் தந்தியையும் மிருதங்கத்தின் தோலையும் ஆராய்ந்த ஒலி விஞ்ஞானி. 1921 இல் கப்பற் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் சிந்தையை ஒளியின் பக்கம் ஈர்த்தது. 1928 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 இல், சிதறிய ஒளியிலே ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருவதைக் கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் கண்டறிந்தார். அந்த மாற்றத்தின் ஒரு பகுதி வெப்பத்தைப் பொறுத்து ஏறவும் இறங்கவும் செய்யும். இவ்வுண்மையைக் கொண்டு 1980 களில் இங்கிலாந்து விஞ்ஞானிகள், கண்ணாடி இழை நெடுகிலும் வெப்பத்தை அளக்கும் முறையை வகுத்தனர். இன்று ஆழ்கிணறுகளிலே இறக்கப்படும் இழைகள் ரேலியின் சிதறலால் ஒலியையும் இராமனின் சிதறலால் வெப்பத்தையும் ஒருங்கே உணருகின்றன.

அந்தக் கிணறுகள் எத்தகையன? எண்ணெய்க் கிணற்றின் அடியிலே நூற்றைம்பது பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் உண்டு. பல நூறு மடங்கு வளிமண்டல அழுத்தமும் உண்டு. உப்புநீரும் மசகெண்ணெயும் மணலும், உருக்கையே தின்னும் ஐதரசன் சல்பைட்டும் கலந்து கொதிக்கும் இடம் அது. கண்ணாடி அழியாது என்று நம்பி இறக்கியவர்கள் விரைவிலேயே ஏமாந்தனர். மிகச் சிறிய மூலக்கூறாகிய ஐதரசன் உறைகளை ஊடுருவிக் கண்ணாடிக்குள்ளே புகுந்து, அதன் ஒளி கடத்தும் தன்மையைக் கெடுத்தது. நாளடைவில் இழை குருடாயிற்று. கண்ணின் மணியிலே புரை விழுவது போன்றது அது. இதற்கும் மருந்து கண்டனர். இழையின் நடுப்பகுதியைக் கலப்பற்ற தூய சிலிக்காவினாற் செய்தனர். அதன் மேலே கரியினாலான மெல்லிய கவசமிட்டனர். முந்நூறு பாகை வரை தாங்கும் பிசின் உறையும், அதற்கும் மேற்பட்ட வெப்பத்துக்குப் பொன் முதலிய உலோக உறையும் அணிவித்தனர். பின்பு துருவேறா உருக்குக் குழாய்க்குள்ளே புகுத்திக் கிணற்றில் இறக்கினர். 2009 ஆம் ஆண்டு கனடாவின் வாயுக் கிணறொன்றிலே, இழை முழுவதையும் செவியாக்கும் இம்முறை முதன்முதலாகக் களத்திலே சோதிக்கப்பட்டது. குழாயிலே மணல் உரசும் ஒலி, வாயு குமிழியிட்டு நுழையும் ஒலி, ஒழுக்கு விழுந்த இடத்திலே எழும் சீறல் ஆகிய ஒவ்வொன்றும் எந்த ஆழத்திலே எழுகின்றதென்று மேலேயிருந்தே அறியக்கூடியதாயிற்று.

இப்பொழுது வங்காலைக் கரைக்குத் திரும்புவோம். இக்கதையோடு அவ்வூருக்கு என்ன உறவு? உறவு உண்டு, அது 1970 களிலேயே தொடங்கிற்று. சோவியத் நிபுணரின் துணையோடு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1974 ஆம் ஆண்டு மன்னார்த் தீவின் பேசாலையிலே எண்ணெய் தேடிக் கிணறு துளைத்தது. இரண்டாயிரத்தைந்நூறு மீற்றருக்கு மேல் இறங்கியும் பயன் கிட்டவில்லை. பின்பு நெடுங்காலம் போர் நிலத்தையும் கடலையும் மூடிக் கிடந்தது. போர் ஓய்ந்தபின் 2011 ஆம் ஆண்டு, சிக்கியூ என்னும் யப்பானிய ஆழ்கடற் துளைப்புக் கப்பல் மன்னார் வளைகுடாவிலே வந்து நின்று, கெயின் லங்கா கம்பனிக்காக மூன்று கிணறுகளைத் துளைத்தது. டொராடோ என்று பெயரிட்ட முதற் கிணற்றிலே கடல் நீரின் ஆழம் மாத்திரம் 1,354 மீற்றர். அங்கே நீரின் பாரம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 135 மடங்கு. மூவாயிரம் மீற்றர் ஆழத்தை அடுத்து, 25 மீற்றர் தடிப்பான மணற்கல்லிலே இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாவதாகிய பரகூடாவிலும் வாயு கிடைத்தது; மூன்றாவது கிணறு வறிதாயிற்று. எண்ணெய் விலை வீழ்ந்த காலத்தில், 2015 ஆம் ஆண்டு, அக்கம்பனி விலகிச் சென்றது. வாயு இன்னும் கடலடியிலேயே உறங்குகின்றது. என்றேனும் ஒருநாள் அதை எடுக்க முனைவார் என்பதிலே ஐயமில்லை.

அந்நாளை எண்ணும்போது, டொராடோவில் வாயு கண்டதற்கு முந்திய ஆண்டிலே உலகின் மறுபுறத்தில் நிகழ்ந்ததை மறக்கவொண்ணாது. 2010 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 இல் மெக்சிக்கோ வளைகுடாவிலே, ஏறக்குறைய 1,500 மீற்றர் ஆழமான நீரிலே நின்ற டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் துளைப்பு மேடை வெடித்துத் தீப்பற்றியது. பதினொருவர் மாண்டனர். கிணற்றின் வாயை அடைக்க 87 நாட்கள் சென்றன. மீன்பிடி தடைசெய்யப்பட்டது, சதுப்புநிலங்களும் பறவைகளும் எண்ணெயிலே தோய்ந்தன. ஆழத்திலே டொராடோவை ஒத்த கிணறு அது. கரையிலே வங்காலையை ஒத்த ஊர்களை வறுமைக்குள்ளாக்கிய விபத்து அது. 2021 இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலால் இலங்கையின் மேற்குக் கரை மீனவர் பட்ட துயரும் நாடறிந்தது. கடலிலே நேரும் பிழைக்குக் கரையிலுள்ளவனே முதலில் வரி செலுத்துகிறான்.

அவ்விபத்தை ஆராய்ந்தோர் கண்ட உண்மையொன்று இக்கதையின் உயிர்நிலையாகும். அன்றைய நாள் கிணறு மௌனமாயிருக்கவில்லை. அடைப்பு உறுதியானதா என்று சோதித்தபோது, துளைக் குழாயிலே இருக்கக்கூடாத அழுத்தம் ஏறி நிற்பதை அளவுமானி காட்டிற்று. கீழே ஏதோ உள்ளே நுழைகின்றது என்பதற்கு அது அடையாளம். ஆனால் மேடையிலிருந்தோர் அதற்கு வேறொரு சமாதானம் கூறி, சோதனை தேறியதென்று கொண்டு, அடுத்த வேலைக்குச் சென்றனர். கயிறு இழுபட்டது, மேலே நின்றவன் அதை அலையின் அசைவென்று எண்ணிவிட்டான். கண்ணாடி இழை பதினாயிரம் செவிகளைத் தரும். கேட்டதை மதிக்கும் மனத்தை அது தரமாட்டாது.

ஆகவே மன்னார்க் கடலிலே நாளை எவரேனும் கிணறு துளைப்பாராயின், அவர் எத்தகைய செவியை அதற்குள் இறக்குகிறார் என்பது மட்டும் கேள்வியன்று. அச்செவி கேட்பதை யார் யார் அறிவர் என்பதும் கேள்வியாகும். அபாயக் குரல் எழும்போது வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? அக்குரல் வங்காலையிலும் பேசாலையிலும் சிலாவத்துறையிலும் வலை வீசுவோருக்கு எத்தனை நாழிகையில் எட்டும்? இவற்றைக் கிணறு துளைக்கு முன்னரே கேட்டு விடை பெறுவது கரையோர மக்களின் உரிமை. சொல்லுவது அரசின் கடமை.

இன்னொரு செய்தியும் உண்டு. வளைகுடாவின் அடியிலே கண்ணாடி இழை ஏற்கெனவே கிடக்கின்றது. 2006 ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே போடப்பட்ட பாரத லங்காக் கடலடிக் கம்பி அது. நீளம் ஏறக்குறைய 325 கிலோமீற்றர். பேச்சைக் கடத்த இடப்பட்ட இத்தகைய கம்பிகளே செவியாகவும் தொழிற்படலாம் என்பது அண்மைக் காலத்துக் கண்டுபிடிப்பு. கலிபோர்னியாவின் மொன்ரெரே விரிகுடாவிலே 20 கிலோமீற்றர் இழையை நான்கு நாள் செவிமடுத்த விஞ்ஞானிகள், நிலநடுக்கத்தையும் அதுவரை அறியப்படாத கடலடிப் பிளவுகளையும் கேட்டதாக 2019 இல் அறிவித்தனர். 2020 இல் வடதுருவத்தை அடுத்த சுவல்பாட்டிலே திமிங்கிலங்களின் குரல் அவ்வாறே பதிவாயிற்று. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் அருகிவரும் கடற்பசு குருவிபோற் சிறுகுரல் எழுப்பும் பிராணி. சட்டம் தடுத்தும் டைனமைற்று வெடித்து மீன் கொல்லும் கொடுமையும் இக்கடலிலே உண்டு. இவற்றைக் கேட்கும் செவியாக ஓர் இழை அமைந்தால் கடலுக்கு நன்மை. அதே இழை, வயிற்றுப்பாட்டுக்காகச் சிறு வள்ளத்திலே செல்பவனை ஓயாது வேவு பார்க்கும் செவியாக மாத்திரம் அமைந்தால், நீர்மூழ்கியை வேட்டையாடப் பிறந்த கருவி தன் பிறவிக் குணத்தை விடவில்லை என்றே சொல்ல வேண்டிவரும்.

செவிப்பறை கிழியச் சிப்பி எடுத்த சுழியோடியும், தோணிப் பலகையிலே காதை வைத்த மட்டக்களப்பு மீனவனும், ஜெனீவா ஏரியின் இருளிலே மணியோசைக்குக் காத்திருந்த கொலடொனும், கண்ணாடியின் அழுக்கை நீக்கிய காவோவும், கடலின் நீலத்திலே வினா எழுப்பிய இராமனும் ஒரே கயிற்றைப் பின்னியவர்கள். அக்கயிறு இன்று மயிரளவாய் மெலிந்து, மலையளவு பாரத்தைத் தாங்கி, கொதிக்கும் ஆழத்திலிருந்தும் செய்தி சொல்ல வல்லதாய் வளர்ந்துவிட்டது. ஆயினும் கயிற்றுக்கு இரண்டு முனைகள் உண்டு. கீழ்முனையை விஞ்ஞானம் திருத்திவிட்டது. மேல்முனையைப் பற்றியிருப்பவன், தங்கையின் தாலியை நினைத்து விழித்திருந்த அந்த மைத்துனனைப் போன்றவனாய் இருக்க வேண்டும். அப்போதுதான் வங்காலையின் வள்ளங்கள் அச்சமின்றிக் கடலேகும்.